வரைபடம் தெரியாத மக்களும் கூட்டணி நாடுகளுக்குள் வளரும் கசப்பும்

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம் நாட்டுப் படைகள் போரிடும் இடத்தைக்கூட உலக வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள் வல்லரசு நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். அதே மக்களிடம், தம்மோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நிற்கும் கூட்டணி நாடுகளைப் பற்றி, "நம் செலவில் வாழ்கிறார்கள்", "ஆபத்து வந்தால் ஒதுங்கிவிடுவார்கள்" என்ற கோபமும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் உண்மையான தொடர்பு உண்டா, அல்லது பிறர் அறியாமையைக் கேலி செய்ய விரும்புவோர் இட்டுக்கட்டிய தொடர்பா?

தொடர்பு உண்டு, ஆனால் அது நேர்க்கோட்டில் செல்லும் தொடர்பன்று. கூட்டணிக்குள் கசப்பு பிறப்பது சுமையும் ஆபத்தும் சமமாகப் பங்கிடப்படாததால்தான். புவியியல் அறிவு எவ்வளவு பெருகினாலும் அந்தச் சமமின்மை மறைந்துவிடாது. ஆனால் ஒரு நாடு எங்கே அமைந்திருக்கிறது என்பதுதான் அது எதற்கு அஞ்சுகிறது, எதை முதலில் இழக்கும், எதைத் தர முடியும், எதைத் தரவே முடியாது என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த இருப்பிடத்தை அறியாத ஒருவருக்குக் கூட்டாளியின் நடத்தைக்கான காரணம் கண்ணில் படுவதில்லை. காரணம் தெரியாதபோது அந்த இடத்தைக் குணத்தைப் பற்றிய தீர்ப்பு நிரப்பிவிடுகிறது: கோழை, நன்றி கெட்டவன், ஆணவக்காரன், ஓசியில் பாதுகாப்பு தேடுபவன். சாதாரணக் கருத்து வேறுபாடு தீராத வன்மமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் அறியாமையின் அளவைப் பார்ப்போம். 2002இல் நேஷனல் ஜியோகிராபிக் அமைப்பு ஒன்பது நாடுகளில் 18 முதல் 24 வயதுள்ள இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானில் இறங்கி ஓராண்டு கழிந்திருந்த அந்த நேரத்தில், அமெரிக்க இளைஞர்களில் 17 விழுக்காட்டினரே அந்நாட்டை வரைபடத்தில் காட்டினர். அடுத்துப் போர் நடக்கவிருந்த ஈராக்கைக் காட்டியவர்கள் 13 விழுக்காடு. 2006இல் அமெரிக்காவில் மீண்டும் ஆய்வு நடந்தபோது ஈராக் போர் மூன்று ஆண்டுகளைக் கடந்திருந்தது. அப்போதும் பத்தில் ஆறு பேருக்கு ஈராக் எங்கே என்று தெரியவில்லை. 2014 மார்ச் இறுதியில், ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைக் கைப்பற்றிய சில நாள்களில், மூன்று அரசியல் அறிவியலாளர்கள் 2,066 அமெரிக்கர்களிடம் உக்ரைனைச் சுட்டிக்காட்டச் சொன்னார்கள். ஆறில் ஒருவரே சரியாகக் காட்டினார். அந்த ஆய்வில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது வேறொன்று: உக்ரைனின் உண்மையான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் காட்டினார்களோ, அந்த அளவுக்கு அங்கே இராணுவத்தை அனுப்பும் யோசனையை அவர்கள் கூடுதலாக ஆதரித்தார்கள். வயது, கல்வி போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தப் போக்கு மாறவில்லை.

இந்த எண்களை வைத்து ஒரு மக்களையே அறிவிலிகள் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. எல்லைக்கோடுகள் மட்டும் வரைந்த வெற்று வரைபடத்தில் ஒரு நாட்டைத் தொட்டுக்காட்டுவது கடுமையான சோதனை. அதில் தோற்றவர்கள் அந்த நாட்டைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 2002 ஆய்வில் ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி ஆகியவை முன்னணியில் இருந்தன என்றாலும், மற்ற நாட்டு இளைஞர்களும் பெருமைப்படும் நிலையில் இல்லை. மேலும், 2003இல் ஈராக் போரைத் திட்டமிட்டவர்கள் அந்நாட்டின் ஒவ்வொரு சாலையையும் அறிந்தவர்கள். அந்த அறிவு அவர்களைத் தவறான முடிவிலிருந்து காக்கவில்லை. எனவே வரைபட அறிவை ஞானத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செய்யக்கூடியது சிறிய, ஆனால் முக்கியமான ஒரு பணி: மற்றவர் நிற்கும் இடத்திலிருந்து ஆபத்து எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டுகிறது.

இதற்கு வரலாற்றில் மிகத் துயரமான சான்று 1938 செப்டம்பர். பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின் செப்டம்பர் 27 அன்று வானொலியில் பேசியபோது, செக்கோஸ்லோவாக்கியாவின் நெருக்கடியைத் தொலைவிலுள்ள ஒரு நாட்டில், நமக்கு ஒன்றும் தெரியாத மக்களுக்கிடையே நடக்கும் சண்டை என்று குறிப்பிட்டார். லண்டனிலிருந்து அந்நாட்டின் தலைநகரான பிராகா ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பிரான்சு அந்நாட்டைக் காப்பதாக 1925இல் உடன்படிக்கை செய்திருந்தது. சுடேட்டன்லாந்து என்று அழைக்கப்பட்ட எல்லைப் பகுதியில் மலைத்தொடர்களும், அவற்றின்மீது செக் அரசு பெரும் செலவில் கட்டிய கோட்டை அரண்களும் இருந்தன. ஜெர்மானிய மொழி பேசுவோர் வாழும் பகுதி என்ற ஒற்றை விளக்கமே லண்டன், பாரிஸ் மக்களைச் சென்றடைந்தது. அதை ஒப்படைத்தால் அந்த நாட்டின் கதவே கழன்றுவிடும் என்பது சென்றடையவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில் செக் பிரதிநிதிகளை வெளியே காக்கவைத்துவிட்டு அந்த மலைகள் ஹிட்லருக்குக் கொடுக்கப்பட்டன. ஆறு மாதங்கள்கூட முடியுமுன், 1939 மார்ச் 15 அன்று பிராகா வீழ்ந்தது. செக் ஆலைகளில் உருவான டாங்கிகள் 1940இல் ஜெர்மன் படையோடு பிரான்சுக்குள் நுழைந்தன. கைவிடப்பட்டோம் என்ற உணர்வு செக் மக்களின் அரசியல் நினைவில் இன்றும் ஆழமாக இருக்கிறது. மேற்கு நாடுகள் தரும் உறுதிமொழிகளை மத்திய ஐரோப்பா ஏன் இவ்வளவு ஐயத்தோடு பார்க்கிறது என்று வியப்பவர்கள் அந்த மலைத்தொடர்களிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிப்போரின் இறுதிக்கட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் நடந்த பூசலை நான் இன்னும் கூர்ந்து படிக்கத்தக்கதாகக் கருதுகிறேன். 1988, 1989 ஆண்டுகளில் லான்ஸ் என்ற குறுந்தூர அணு ஏவுகணைகளுக்குப் பதிலாகப் புதியவற்றை நிறுவ வேண்டும் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வற்புறுத்தின. மேற்கு ஜெர்மன் அரசு தள்ளிப்போட முயன்றது. கடலுக்கு அப்பால் இருந்து பார்த்தவர்களுக்கு இது நன்றிகெட்ட செயலாகத் தெரிந்தது: லட்சக்கணக்கான அமெரிக்க வீரர்கள் நாற்பது ஆண்டுகளாகக் காத்துவரும் நாடு, தன்னைக் காக்கும் ஆயுதத்தையே வேண்டாம் என்கிறதே! ஆனால் லான்ஸ் ஏவுகணையின் வீச்சு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மேற்கு ஜெர்மன் மண்ணிலிருந்து ஏவினால் அது பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனியில் விழும். எதிரிப் படை முன்னேறி வந்துவிட்டால் மேற்கு ஜெர்மனியிலேயே விழும். இருபுறமும் வெடிக்கும் அணுகுண்டுகளில் சாகப்போகிறவர்கள் ஜெர்மானியர்கள். ஏவுகணையின் தூரம் குறையக் குறையச் சாகும் ஜெர்மானியர் கூடுவர் என்று அக்காலத்தில் அங்கே கசப்போடு சொல்லப்பட்டது. அளவுகோலையும் வரைபடத்தையும் கையில் எடுத்த எவருக்கும் இது விளங்கியிருக்கும். வரைபடம் இல்லாதவருக்கு அது வெறும் கோழைத்தனமாகவே தெரியும்.

அரசியல் அறிவியலாளர் கிளென் சினைடர் 1984இல் இந்த நிலையை இரண்டு அச்சங்களாகப் பிரித்துக் காட்டினார்: ஆபத்து நேரத்தில் கூட்டாளி கைவிட்டுவிடுவாரோ என்ற அச்சம் ஒன்று, கூட்டாளியின் சண்டைக்குள் நாம் இழுக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம் மற்றொன்று. ரஷ்ய எல்லையை ஒட்டிய எஸ்தோனியாவை முதல் அச்சம் ஆட்டிப்படைக்கிறது. ஏவுகணை விவகாரத்தின்போது மேற்கு ஜெர்மனியை இரண்டும் ஒருசேர வாட்டின. ஒரு நாடு எந்த அச்சத்தால் பேசுகிறது என்பதை அதன் எல்லைகளைப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது.

செலவுப் பங்கீட்டுச் சண்டையும் பழையதே. 1966இலேயே மான்கர் ஓல்சன், ரிச்சர்டு செக்கவுசர் என்ற இரு பொருளியலாளர்கள், கூட்டணியில் பெரிய நாடு தன் அளவுக்கு மீறிய பங்கைச் சுமக்க நேரும் என்று கணக்கிட்டுக் காட்டினர். 1971இல் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படையைப் பாதியாகக் குறைக்கும் செனட்டர் மைக் மான்ஸ்பீல்டின் முன்மொழிவு செனட்டில் வாக்கெடுப்பு வரை சென்று தோற்றது. அமெரிக்கர்களின் இந்தக் குறையில் நியாயம் உண்டு. அதை மறுப்பவர்கள் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே நம்பகத்தன்மையை இழந்துவிடுகிறார்கள்.

ஆனால் பணக்கணக்கில் பிறந்த அந்தக் குறை உயிர்க்கணக்குக்குத் தாவும்போது அநீதியாகிவிடுகிறது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இணைந்த நேட்டோ கூட்டணியின் ஒப்பந்தத்தில், ஓர் உறுப்பு நாட்டின்மீதான தாக்குதலை எல்லோர் மீதுமான தாக்குதலாகக் கருதும் 5ஆம் பிரிவு வரலாற்றில் ஒரே ஒருமுறைதான் நடைமுறைக்கு வந்தது. அது 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் 457 வீரர்களை இழந்தது. கனடா 158 பேரை இழந்தது. ஏறத்தாழ 55 லட்சம் மக்களே கொண்ட டென்மார்க் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் டென்மார்க்கின் இழப்பு அமெரிக்காவின் இழப்புக்கு ஏறத்தாழ நிகரானது. நேட்டோவில் உறுப்பினராகவே இல்லாத ஜார்ஜியா முப்பது வீரர்களுக்கு மேல் பறிகொடுத்தது.

ஆப்கானிஸ்தானுக்குள்ளேயும் புவியியல் வேலை செய்தது. தலிபான்கள் வலுவாக இருந்த தெற்கில், ஹெல்மண்டில் பிரிட்டிஷ், டேனிஷ், எஸ்தோனியப் படைகளும், காந்தகாரில் கனடியர்களும், உருஸ்கானில் டச்சுக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் நின்றார்கள். தொடக்கத்தில் ஓரளவு அமைதியாக இருந்த வடக்கில் ஜெர்மானியர்களும், மேற்கில் இத்தாலியர்களும் இருந்தார்கள். அவர்கள் அரசுகள் தம் வீரர்கள் எங்கே செல்லலாம், எப்போது சண்டையிடலாம் என்று கட்டுப்பாடுகளும் விதித்திருந்தன. ஆகவே கூட்டாளிகள் சண்டையைத் தவிர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு சில மாகாணங்களைப் பொறுத்தவரை முற்றிலும் பொய்யன்று. தெற்கின் ஹெல்மண்டும் வடக்கின் குண்டூஸ் மாகாணமும் ஒரே இடம் என்று நினைப்பவர்தான் அதை எல்லோர் மீதும் சுமத்துவார். 2008 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், தெற்கிலுள்ள நேட்டோ படைகளுக்குக் கிளர்ச்சியாளர்களை எதிர்கொள்ளும் பயிற்சி போதவில்லை என்ற பொருளில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னபோது, நெதர்லாந்து அரசு அமெரிக்கத் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது. சொன்னவர் சாதாரணக் குடிமகன் அல்லர்; அந்த நாடுகள் அப்போது உயிரிழந்துகொண்டிருந்ததும் அந்தத் தெற்கில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, உருஸ்கானில் படையை நீட்டிப்பதா என்ற பிரச்சினையில் டச்சுக் கூட்டணி அரசே கவிழ்ந்தது.

அதே போரில் பாகிஸ்தானைப் பற்றி அமெரிக்க மக்களிடம் வளர்ந்த சினத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். "நம் எதிரிகளுக்கு இடம் கொடுக்கும் நாட்டுக்கு நாம் ஏன் பணம் கொடுக்கிறோம்?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடையில் பாதி வரைபடத்தில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரை கிடையாது. மேற்கே ஈரான், அந்த வழி அமெரிக்காவுக்கு மூடப்பட்டது. வடக்கே சென்றால் மத்திய ஆசியா, அதற்கப்பால் ரஷ்யா. எஞ்சியது கராச்சித் துறைமுகத்திலிருந்து தோர்க்கம், சமன் கணவாய்ப் பாதைகள். 2011 நவம்பரில் சலாலா எல்லைச் சாவடியில் நேட்டோ வான்தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தபோது அந்தப் பாதை ஏழு மாதங்கள் அடைக்கப்பட்டது. வடக்குப் பாதையைப் பயன்படுத்தியதால் மாதத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகிறது என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலரே தெரிவித்தார். பாகிஸ்தானியர் பக்கத்திலும் 1990இல் விலை கொடுத்தும் கிடைக்காமல் நிறுத்தப்பட்ட எஃப்-16 விமானங்கள் முதல் ஒரு நீண்ட குறைப்பட்டியல் உண்டு. இங்கே இரு நாடுகளின் நலன்களும் உண்மையிலேயே மோதின. வரைபடம் தெரிந்திருந்தால் நட்பு மலர்ந்திருக்கும் என்று நான் கூற வரவில்லை. ஆனால் தம் அரசு எந்த நெருக்கடியில் இந்த உறவைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதாவது மக்களுக்கு விளங்கியிருக்கும்.

துருக்கியின் கதையும் இதை ஒத்ததே. 2003 மார்ச் 1 அன்று, அமெரிக்கப் படைகள் துருக்கி வழியாக வடக்கு ஈராக்குக்குள் நுழைய அனுமதிக்கும் தீர்மானம் துருக்கி நாடாளுமன்றத்தில் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது. அமெரிக்காவில் இது துரோகமாகப் பார்க்கப்பட்டது. துருக்கிக்கோ ஈராக் பக்கத்து நாடு. 1991 போரின் முடிவில் லட்சக்கணக்கான குர்து அகதிகள் அதன் மலை எல்லையில் வந்து குவிந்ததையும், ஈராக்குடனான வணிகம் நின்றுபோனதையும் அது அனுபவித்திருந்தது. போர் முடிந்ததும் தொலைதூரத்துப் படைகள் வீடு திரும்பிவிடும்; துருக்கி அங்கேயேதான் இருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூலை 4 அன்று வடக்கு ஈராக்கின் சுலைமானியாவில் அமெரிக்க வீரர்கள் துருக்கி வீரர்களைப் பிடித்துத் தலையில் பையைக் கவிழ்த்து அழைத்துச் சென்றனர். பெரும்பாலான அமெரிக்கர்களின் காதுக்கே எட்டாத அந்தச் செய்தி துருக்கியில் தேசிய அவமானமாக நிலைத்துவிட்டது. அவமதித்த பக்கத்துக்கு நிகழ்ச்சியே தெரியாமல் இருப்பது, அவமதிக்கப்பட்ட பக்கத்தின் கசப்பை இரட்டிப்பாக்குகிறது.

சிறிய நாடுகள் தமக்குப் பெரிய நாட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புவதும் ஒரு குறையே. அமெரிக்கத் திரைப்படங்களையும் தேர்தல்களையும் பார்த்து வளர்ந்த ஐரோப்பியர்கள், அந்நாட்டுக்குப் பசிபிக் பக்கத்திலும் ஒரு நீண்ட கடற்கரை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்கும் வாஷிங்டன் ஒப்பந்தக் கடமைப்பட்டிருக்கிறது. அங்கே கவனம் திரும்பும்போதெல்லாம் ஐரோப்பாவில் கைவிடப்பட்டோம் என்ற குரல் எழுகிறது. நேட்டோ ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவையும் பலர் படித்ததில்லை. பாதுகாப்பு உறுதி ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகரேகைக்கு வடக்கே உள்ள வட அட்லாண்டிக் தீவுகள் போன்ற பகுதிகளுக்கே பொருந்தும். ஆகவே பசிபிக்கிலுள்ள அமெரிக்க மாநிலமான ஹவாய் அதன் வரம்புக்குள் வராது. வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பெயினின் சியூட்டா, மெலில்லா நகரங்களும் வராது. 1982இல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த பால்க்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது பிரிட்டனால் அந்தப் பிரிவைத் துணைக்கு அழைக்க முடியவில்லை. ஒப்பந்தம் எந்த நிலத்தைக் காக்கிறது என்று தெரியாமல், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று இரு பக்கமும் குற்றம் சாட்டிக்கொள்வதை அடிக்கடி காண்கிறோம்.

இதைச் சரிசெய்ய முடியுமா என்றால், ஒரு தலைவர் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார். 1942 பிப்ரவரி 23 அன்று அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசுவதற்கு முன், உலக வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். செய்தித்தாள்கள் வரைபடங்களை அச்சிட்டன. கடைகளில் வரைபடங்கள் விற்றுத் தீர்ந்தன. ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் கேட்டனர். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகாத, சிங்கப்பூர் வீழ்ந்த வாரத்தை அடுத்த நேரம் அது. நம் கப்பல்களை நம் கரையிலேயே நிறுத்திக்கொள்வோம் என்று நினைத்தவர்களுக்கு, சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் செல்லும் கடல்வழிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றும் அறுந்தால் யார் தனிமைப்படுவார்கள், அதன்பின் எதிரி எங்கே வருவான் என்று அவர் விளக்கினார். உதவி ஏன் தாமதமாகிறது என்பதற்கும் அந்தத் தூரங்களே விடையாயின. கூட்டாளிகளை நேசியுங்கள் என்று அவர் உபதேசிக்கவில்லை. அவர்கள் நிற்கும் இடத்தைக் காட்டினார். இன்றைய தலைவர்கள் பாதுகாப்புச் செலவை விழுக்காடுகளில் மட்டும் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் இடையே, ரஷ்யாவின் கலினின்கிராடையும் அதன் நட்பு நாடான பெலாரசையும் பிரிக்கும் சுவால்கி இடைவெளி சுமார் 65 கிலோமீட்டர் அகலமே உடையது என்பதைக் காட்டினால், பால்டிக் நாடுகள் ஏன் ஓயாமல் எச்சரிக்கின்றன என்பதை எந்த நாட்டு வாக்காளரும் புரிந்துகொள்வார்.

ஆயினும் எல்லாக் கசப்பையும் இதனால் போக்க முடியாது. ரூஸ்வெல்ட் பேசிய அதே ஆண்டு நவம்பரில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத் தெருக்களில் அமெரிக்க வீரர்களும் ஆஸ்திரேலிய வீரர்களும் இரண்டு இரவுகள் மோதிக்கொண்டனர். ஓர் ஆஸ்திரேலியர் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க வீரனின் கூடுதல் ஊதியமும், அவனுக்கு மட்டும் கிடைத்த பொருள்களும், அதனால் உள்ளூர்க்காரனுக்கு ஏற்பட்ட தாழ்வுணர்வும் அதற்குக் காரணங்களாக இருந்தன. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள ஒகினாவாவில், அந்நாட்டில் அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு அமைந்திருக்கிறது. அந்தத் தீவு மக்களின் கோபத்துக்கு அமெரிக்கர்களைவிட டோக்கியோவில் இருப்பவர்களே முதலில் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவர்களுக்கு ஒகினாவா எங்கே இருக்கிறது என்பது நன்றாகவே தெரியும்; அங்கே தேவைப்படுவது தளங்களைப் பங்கிட்டுக்கொள்ள மற்ற மாகாணங்கள் முன்வருவதுதான்.